சோற்றுத் தட்டும் செல்போனும்: குழந்தையின் மூளை ஓர் அமானிதம்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இதை வீட்டிலிருந்து வாசிக்கும் தாய்மார்களே!

இன்று நம் வீடுகளில் ஒரு கைக்குழந்தைக்குச் சோறு ஊட்ட மூன்று பொருட்கள் தேவைப்படுகின்றன. ஒரு தட்டு, ஒரு கை, ஒரு செல்போன். செல்போனில் பாட்டு ஓடினால்தான் பிள்ளை வாயைத் திறக்கிறது. பாட்டு நின்றால் வாயும் மூடிக்கொள்கிறது. கண் திரையில் இருக்கிறது; வாய் தானாகத் திறந்து மூடுகிறது. என்ன சாப்பிட்டோம் என்று பிள்ளைக்கும் தெரியாது. ஊட்டியவரின் முகத்தையும் அது ஒருமுறைகூடப் பார்த்திருக்காது.

"எப்படியாவது நாலு வாய் உள்ளே போனால் போதும்" என்பது தாயின் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் என்றால், மூன்று வேளைக்கு ஒன்றரை மணி நேரம். மாதத்திற்கு 45 மணி நேரம். வருடத்திற்கு ஏறக்குறைய 550 மணி நேரம். இது சாப்பாட்டு நேரம் மட்டும். அழுகையை நிறுத்தக் கொடுப்பது, பயணத்தில் கொடுப்பது, விருந்தாளி வந்தால் கொடுப்பது எல்லாம் தனிக் கணக்கு.

அந்த நேரத்தில் பிள்ளையின் மூளையில் என்ன நடக்கிறது? நடக்க வேண்டிய எது நடக்காமல் போகிறது? இந்த வாரம் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் இதுதான்.

ஒன்றும் அறியாமல் பிறக்கும் பிள்ளை

தாய்மார்களின் வயிற்றிலிருந்து நாம் எதையும் அறியாதவர்களாகவே வெளியே கொண்டுவரப்பட்டோம்; பிறகு கேள்வியையும் பார்வையையும் இதயத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தான் என்று சூரத்துந் நஹ்லில் அல்லாஹுதஆலா நினைவூட்டுகிறான். அறிவு பிறக்கும்போதே வருவதில்லை. அது நுழைவதற்கான வாசல்களைத்தான் அல்லாஹ் முதலில் தருகிறான். அந்த வாசல்கள் வழியாக எதை உள்ளே அனுப்புவது என்ற பொறுப்பு, விவரம் தெரியும் வயது வரும்வரை பெற்றோரிடம்தான் இருக்கிறது.

மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு அளவுதான் இருக்கும். முதல் ஒரு வருடத்தில் அது இரண்டு மடங்காகிறது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய 90 சதவிகித அளவை எட்டிவிடுகிறது. முதல் சில வருடங்களில் ஒவ்வொரு விநாடியும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழந்தை வளர்ச்சி மையம் கூறுகிறது.

உருவாகும் இணைப்புகள் எல்லாம் நிலைப்பதில்லை. அடிக்கடி பயன்படுபவை உறுதியாகின்றன, பயன்படாதவை உதிர்ந்துவிடுகின்றன. காட்டு வழியில் ஆள் நடமாட்டம் இருந்தால் பாதை நிலைக்கும், இல்லையென்றால் புல் மூடிவிடும். அதைப் போலத்தான் இதுவும். பிள்ளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ, அதற்கான பாதைதான் மூளையில் நிலைக்கிறது.

முதல் மக்தப் சாப்பாட்டுத் தட்டுதான்

நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவர் உமர் இப்னு அபீஸலமா (ரலி). அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன். சாப்பிடும்போது அவருடைய கை தட்டில் இங்கும் அங்கும் அலைந்தது. நபி (ஸல்) அவர்கள் அதட்டவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் சாப்பிடவும், தன் பக்கத்தில் இருப்பதிலிருந்து எடுக்கவும் அன்போடு கற்றுக் கொடுத்தார்கள். அன்று முதல் தான் அப்படியே சாப்பிட்டு வந்ததாக அவரே பிற்காலத்தில் அறிவித்த செய்தி புகாரியில் இருக்கிறது.

ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. சில வார்த்தைகள். ஆயுள் முழுவதற்குமான பாடம். இது எப்படி நடந்தது? பெரியவர் பிள்ளையின் கையைக் கவனித்தார். பிள்ளை பெரியவரின் முகத்தைக் கவனித்தது. இடையில் வேறொன்றும் இல்லை.

இன்று அதே தட்டின் முன்னால் திரை இருந்தால், நீங்கள் பிஸ்மில்லாஹ் சொன்னாலும் அது பிள்ளையின் காதில் ஏறாது. பசி என்ன, வயிறு நிறைந்தது என்ன என்ற உணர்வுகூடப் பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. கண் வேறிடத்தில் இருக்கும் பிள்ளை, போதும் என்று சொல்லத் தெரியாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும்.

திரை பேசும், பதில் கேட்காது

"ஹஜ்ரத், பிள்ளை செல்போன் பார்த்துத்தான் ஏ, பி, சி, டி எல்லாம் சொல்கிறது. அறிவுதானே வளர்கிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்குப் பதிலாக ஓர் ஆய்வைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா குல் என்ற பேராசிரியையின் குழு நடத்திய ஆய்வு 2003-ல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம், சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து 12 முறை விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு வீடியோவில் காட்டப்பட்டது. அவர்கள் எதையும் கற்கவில்லை.

அதே குரல், அதே வார்த்தை. ஆனால் ஒன்றில் பலன் கிடைத்தது, இன்னொன்றில் கிடைக்கவில்லை. ஏன்? நேரில் இருப்பவர் குழந்தை பார்க்கும் பக்கம் பார்க்கிறார். அது சிரித்தால் சிரிக்கிறார். "ங்கா" என்றால் பதிலுக்கு "ங்கா" என்கிறார். பந்தை இவர் எறிய அது பிடிக்க, அது எறிய இவர் பிடிக்க என்ற இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் குழந்தையின் மூளை மொழியைக் கட்டுகிறது. திரை பந்தை எறிந்துகொண்டே இருக்கும். பிள்ளை திருப்பி எறிந்தால் அதைப் பிடிக்க அங்கே ஆள் இல்லை.

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூஉமைர் என்று ஒரு சின்னத் தம்பி. அவர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடுவார். ஓர் உம்மத்தின் சுமையைத் தோளில் சுமந்த நபி (ஸல்) அவர்கள், அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, உன் குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். அந்த ஒரு சிறிய சம்பவத்திலிருந்து அறுபது அளவுக்குப் பாடங்களை எடுத்து இமாம் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் தனி நூலே எழுதினார்கள். நாம் ஒரு பாடத்தையாவது எடுப்போம்: பிள்ளையிடம் பிள்ளையின் விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

பிள்ளை பார்க்காவிட்டாலும், வீட்டில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் டிவியால்கூட இழப்பு உண்டு. 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நான்கு வயதுக்கு உட்பட்ட 329 குழந்தைகளின் சட்டையில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தப்பட்டது. டிவிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்திற்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் வார்த்தைகள் 770 அளவுக்குக் குறைந்தன. டிவி பேசும்போது நாம் பேசுவதில்லை. ஒரு மணி நேரத்தில் நம் வீட்டிலிருந்து களவுபோகும் வார்த்தைகள் இவை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

சகோதரர்களே! இந்த விஷயத்தில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் பல மிகைப்படுத்தப்பட்டவை. "செல்போன் மூளையை உருக்கிவிடும்" என்றெல்லாம் வருகிறது. அறியாத ஒன்றின் பின்னால் போகக் கூடாது, கேள்வியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என்று சூரத்துல் இஸ்ராவில் எச்சரிக்கை இருக்கிறது. எனவே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் மூன்று முதல் ஐந்து வயதுள்ள 47 பிள்ளைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். திரை அதிகம் பார்க்கும் பிள்ளைகளிடம், மொழிக்கும் வாசிப்புக்கும் உதவும் நரம்புப் பாதைகள் ஒழுங்காக அமைவது குறைவாக இருந்தது. கனடாவில் 2,441 தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு வயதில் அதிகம் திரை பார்த்த பிள்ளைகள், மூன்று வயதில் நடந்த வளர்ச்சிப் பரிசோதனையில் பின்தங்கினார்கள். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் ஒன்பது, பத்து வயதுள்ள 11,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல வருடங்களாகத் தொடர்ந்து கவனிக்கிறது. அதன் ஆரம்பக்கட்ட முடிவுகளில், தினமும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் திரை பார்த்தவர்கள் சிந்தனை, மொழித் தேர்வுகளில் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தார்கள்.

இவற்றில் பல ஆய்வுகள் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டுகின்றனவே தவிர, இதனால்தான் அது என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆய்வாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் சந்தேகம் உள்ள இடத்தில் பேணுதலாக நடப்பதுதான் முஃமினின் வழி. நம் பிள்ளையின் முதல் ஐந்து வருடங்கள் திரும்ப வராது. சோதித்துப் பார்க்கும் பொருள் அல்ல அது.

வேகத்திற்குப் பழகும் மனம்

நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பகுதியினர் வேகமாகக் காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் நிதானமான கல்வி நிகழ்ச்சி பார்த்தார்கள். மற்றவர்கள் படம் வரைந்தார்கள். அதன் பிறகு பொறுமை, கவனம், சொன்னதைக் கேட்டுச் செய்தல் ஆகியவற்றைச் சோதித்தபோது வேகக் கார்ட்டூன் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஒன்பது நிமிடத்திலேயே உடனடியாக இந்த மாற்றம்!

தன்னை அடக்கவும், பொறுத்திருக்கவும், ஒன்றில் நிலைக்கவும் உதவும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுமையாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயது அளவுக்கு ஆகிறது. விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வரும் ரீல்ஸும் ஷார்ட்ஸும், அடுத்து என்ன வரும் என்ற ஆசையைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்த நமக்கே போனைக் கீழே வைக்க முடியவில்லை. நான்கு வயதுப் பிள்ளையால் எப்படி முடியும்?

மக்தபில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஓர் ஆயத்தைப் பத்து முறை ஓதி மனனம் செய்ய வேண்டும் என்றால், ஒரே விஷயத்தில் பத்து முறை நிலைத்திருக்கும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு பதினைந்து விநாடிக்கும் புதிதாக ஒன்று வேண்டும் என்று பழகிய மனதுக்கு அது பாரமாகிறது. தொழுகையில் ஒரு ருகூவில், ஒரு ஸஜ்தாவில் அமைதியாகத் தரித்திருப்பதும் அதே பொறுமைதான். அது பெரியவனானதும் திடீரென்று வந்துவிடாது.

இஷாவுக்குப் பின் ஒளிரும் திரை

இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது புகாரியில் வரும் செய்தி. இரவு ஓய்வுக்குரியது.

இருட்டத் தொடங்கியதும் மூளையில் மெலட்டோனின் என்ற சுரப்பு தூக்கத்தைக் கொண்டுவருகிறது. கண்ணில் படும் வெளிச்சம் அதைத் தடுக்கும். பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளிடம் இந்தப் பாதிப்பு அதிகம். அமெரிக்காவின் கொலராடோவில் நடந்து 2018-ல் வெளியான சோதனையில், தூங்கும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாடிய சிறு பிள்ளைகளிடம் மெலட்டோனின் ஏறக்குறைய 90 சதவிகிதம் குறைந்துபோனது. செல்போன் வெளிச்சம் அந்த அளவுக்குப் பிரகாசம் இல்லைதான். ஆனால் அதை முகத்துக்கு நேராகப் பிடித்துத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். வெளிச்சத்தோடு, பார்ப்பதில் உள்ள பரபரப்பும் சேர்ந்துகொள்கிறது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில்தான். பதினொன்றரை மணிக்குத் தூங்கும் பிள்ளையைக் காலையில் மதரஸாவுக்கு எழுப்பினால், அது உடலால் மட்டும்தான் வந்து உட்காரும்.

கடல் கடந்து இருக்கும் வாப்பாக்களுக்கு

நம் ஊர்களில் பல பிள்ளைகள் வாப்பாவின் முகத்தையே திரையில்தான் பார்க்கிறார்கள். சவூதியிலும் துபாயிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரர்கள் கலங்க வேண்டாம். உறவினரோடு பேசும் வீடியோ கால் இந்தக் கணக்கில் சேராது என்று குழந்தை மருத்துவர்களே விலக்கு அளிக்கிறார்கள். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு வாரம் வீடியோ காலில் நேரலையாகப் பேசிப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. பதிவு செய்த வீடியோவைப் பார்த்த பிள்ளைகளைவிட, நேரலையில் பேசியவரிடம் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள். அவரை அடையாளமும் கண்டுகொண்டார்கள். காரணம், அங்கே பந்தைத் திருப்பி எறிய ஓர் ஆள் இருக்கிறார்.

எனவே கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன சாப்பிட்டாய், உன் பூனை எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். ஆனால் பிரிவின் குற்ற உணர்வால் ஊருக்கு வரும்போது பிள்ளைக்கென்று தனி டேப் வாங்கி வராதீர்கள். அந்த விடுமுறையில் பிள்ளைக்குத் தேவைப்படுவது நீங்கள்தான்.

எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தந்துள்ள வழிகாட்டுதல் இது:

1. இரண்டு வயது வரை எந்தத் திரையும் வேண்டாம். உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ கால் மட்டும் விதிவிலக்கு.
2. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். அதுவும் பெரியவர் கூடவே இருந்து. குறையக் குறைய நல்லது.
3. ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்திற்குள்.

பால்குடியை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையான இரண்டு வருடங்கள் என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ் குறிப்பிடுகிறான். அந்த இரண்டு வருடமும் பிள்ளைக்கு உலகம் என்பதே தாயின் மடியும் தாயின் முகமும்தான். பால் கொடுக்கும்போது தாயின் கையில் செல்போன் இருந்தால், பிள்ளை முகத்தைத் தேடும். முகமோ வேறெங்கோ திரும்பியிருக்கும்.

எப்படி நிறுத்துவது?

முதலில் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியைத் திட்டாதீர்கள். சமையல், துணி, வயதான மாமியாருக்கான பணிவிடை எல்லாவற்றையும் தனியாகச் சுமக்கும் பெண், பத்து நிமிட மூச்சுக்காகத்தான் பிள்ளையிடம் செல்போனைக் கொடுக்கிறாள். ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸில் வீட்டின் ஆணும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறார். இரவுச் சோற்றை நீங்கள் ஊட்டுங்கள். அஸருக்குப் பின் அரை மணி நேரம் பிள்ளையைத் தெருவுக்குத் தூக்கிப் போங்கள். அந்த அரை மணி நேரம் உங்கள் மனைவிக்கும் ஓய்வு, பிள்ளைக்கும் பாடம்.

அடுத்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்த முயல வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டில் தொடங்குங்கள். முதல் சில நாட்கள் பிள்ளை அழும், குறைவாகச் சாப்பிடும். நன்றாக வளரும், நோயில்லாத பிள்ளை பசித்தால் சாப்பிடும். தரையில் விரிப்பு விரித்து எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். பிள்ளையின் கையிலேயே கொஞ்சம் சோற்றைக் கொடுங்கள். சிந்தட்டும். துடைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களின் செல்போனும் விரிப்புக்கு வரக் கூடாது. நாம் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்காதே என்றால் அது எடுபடாது. இரவில் எல்லாச் செல்போனும் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும். ஜும்ஆவுக்கு அழைத்து வரும் பிள்ளை சத்தம் போடாமல் இருக்கப் பள்ளிவாசலிலும் செல்போனைக் கொடுக்காதீர்கள். பிள்ளை என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கும். முன் ஸஃப்பில் இருக்கும் பெரியவர்களும் அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. செல்போனைப் பிடுங்குவதற்காகப் பொய் சொல்லாதீர்கள். "சார்ஜ் தீர்ந்துவிட்டது", "போன் செத்துப்போச்சு", "பூச்சாண்டி கொண்டுபோய்விட்டான்" என்கிறோம். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது, வா தருகிறேன் என்று அவருடைய தாய் அழைத்தார். எதைக் கொடுக்க நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்ததாக அபூதாவூதில் இருக்கிறது. "நேரம் முடிந்தது, இனி நாளைக்குத்தான்" என்று உண்மையைச் சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். அழுதால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அழுகைக்காகத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

பேச்சு தாமதமானால்

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளை, இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசாத பிள்ளை இருந்தால், "இவன் மாமாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்காதீர்கள். செல்போனை நிறுத்துவதோடு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதியுங்கள். ஆட்டிசம் போன்றவை பிறவியிலேயே மூளை அமையும் விதத்தோடு தொடர்புடையவை. தாய் செல்போன் கொடுத்ததால் வந்தது என்று யாரையும் குற்றம் சொல்வது அநியாயம். ஆனால் எந்தக் காரணமாக இருந்தாலும், சிறு வயதிலேயே தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு இழப்பு.

அன்பானவர்களே! நகையை அமானிதமாகத் தந்தால் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். அதைவிடப் பெரிய அமானிதத்தை அல்லாஹ் நம் மடியில் வைத்திருக்கிறான். இன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே தொடங்குவோம். செல்போனை வேறு அறையில் வைப்போம். பிஸ்மில்லாஹ் என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வோம். அது நம் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்லட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களின் கேள்வியையும் பார்வையையும் இதயத்தையும் பாதுகாப்பாயாக! பேச்சிலும் வளர்ச்சியிலும் சிரமப்படும் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும் தருவாயாக! எங்களிடம் தந்த அமானிதத்தைச் சரிவர நிறைவேற்றும் தவ்ஃபீக்கை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.